மூன்றாவது பெயர்

பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும்.
மெர்வினா இருந்தாள். ஆஸ்லின் இருந்தாள்.
கேன்டீனில் ரசவடைக்கு நின்ற என்னை
பி.டி. சார் ஏற இறங்கப் பார்த்து
"கையெழுத்துப் போடத் தெரியுமா" என்றார்.
அப்படித்தான் நான் கோல்ஃப் வீராங்கனை ஆனேன்.

எங்கள் ஆரல்வாய்மொழிக் கல்லூரியில் புல்வெளி கிடையாது.
பின்பக்கம், காற்றாடிகளின் காலடியில்,
உடைமரம் வெட்டி ஒதுக்கிய செம்மண் காடு.
குழி என்றால் புதைத்த சிரட்டை.
கொடி என்றால் யாரோ விட்டுப்போன லேப் கோட்டின் கை.
ஆண்கள் நான்கு, நாங்கள் மூன்று,
மட்டை ஏழு, பை ஒன்று.
திங்கள், புதன், வெள்ளி அவர்களுக்கு.
செவ்வாய், வியாழன் எங்களுக்கு.
சனிக்கிழமை சண்டைக்கு.

ஆடியில் கணவாய் திறந்துகொண்டால்
லிஜோ மூச்சைப் பிடித்து அடித்த பந்து
மேலே போய், கொஞ்சம் யோசித்து,
அவன் முதுகுக்குப் பின்னால் வந்து விழும்.
ஆஸ்லின் இடக்கைக்காரி. இடக்கை மட்டை இல்லை.
இருப்பதைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் தட்டுவாள்.
காற்றுக்குத் தெரியாமல்
ஓணான் மாதிரி ஓடும் பந்து,
சிரட்டைக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும்.
"எட்டி, இது களியா, கள்ளமா?"
சட்டப் புத்தகத்தை இரவெல்லாம் புரட்டினான் லிஜோ.
முதுகால் அடிக்கக்கூடாது என்று எங்குமே இல்லை.

கோயம்புத்தூரில் போட்டி.
அவ்வளவு பச்சையை வயலில்தான் பார்த்திருக்கிறேன்,
மிதிக்கக் கால் கூசியது.
மற்ற பெண்கள் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டார்கள்
காற்றின் திசை அறிய.
நான் அண்ணாந்து காற்றாடியைத் தேடினேன்.
"ஹேண்டிகேப் எவ்வளவு?" என்றாள் மேசைக்காரி.
"ஒண்ணும் இல்ல மேடம், நல்லா நடப்பேன்."

பதினோராம் குழிக்கு முன்னால் புதருக்குள் பந்து.
சுற்றிலும் ஆளில்லை.
ஓங்கினேன். மட்டை காற்றை மட்டும் வெட்டியது.
இன்னொரு தடவை. அதுவும் காற்று.
அண்டியாபீசில் அம்மை
உடைந்த பருப்புக்கும் கணக்குச் சொல்லுகிறவள்.
இரண்டையும் எழுதினேன்.

மொத்தம் நூற்று அறுபத்தொன்று.
குறைத்து அடித்தவர் ஜெயிக்கிற விளையாட்டில்
நான் ஊதாரி.
ஆனாலும் மூவர் கணக்கும் சேர்ந்தால்தான் அணி.
பலகையின் அடியில், கடைசியாக,
எங்கள் கல்லூரியின் பெயரை எழுதியிருந்தார்கள்.
ஆண்கள் பலகையில் அந்தப் பெயர் இல்லை.
எழுபத்தொன்பது அடித்த லிஜோ
அட்டையில் கையெழுத்துப் போட மறந்துவிட்டான்.

ராத்திரி பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து
"இது ஆளா, லக்கேஜா?" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஜன்னலில் நெற்றியை வைத்தபடி வந்தான் லிஜோ.
ஒரு ரசவடையை, பொதியோடு, அவன் மடியில் வைத்தேன்.
வேண்டாம் என்றான். வள்ளியூரில் தின்றான்.

காவல்கிணறு தாண்டியதும்
நம்ம காற்று வந்து கண்ணாடியை உலுக்கியது.
"விடிஞ்சா செவ்வாய்" என்றாள் ஆஸ்லின்
கண்ணைத் திறக்காமலேயே,
பையின் வாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.