எழுபதுக்கு மேல்

முதலில் டயர் என்றோம்.
ஆணி வைத்த பனிக்கால டயர்,
தார்ச்சாலையில் அப்படித்தான் உறுமும் என்றான் துவோமோ.
ஏப்ரலில் டயரை மாற்றினோம். உறுமல் போகவில்லை.
எழுபதில் தொடங்கும், எண்பதில் தடிக்கும்,
வண்டி வலப்பக்கம் வளைந்தால் கூடும்,
இடப்பக்கம் வளைந்தால்
போலீசைப் பார்த்தவன் போல் வாயை மூடிக்கொள்ளும்.
அப்படியென்றால் இடது பின் சக்கரம்.

கொக்கோலா பட்டறையில் கேட்ட தொகைக்கு
இன்னொரு பாதி வால்வோ வாங்கலாம்.

ஆகவே சனிக்கிழமை, கொட்டகை முன், சரளைத் தரை.
ஜாக்கி புதையாதிருக்க ஒரு பழைய அலமாரிப் பலகை,
முன் சக்கரங்களுக்குப் பிர்ச் விறகு இரண்டு.
ஸ்டாண்டில் நிறுத்தியபின் வண்டியைப் பிடித்து உலுக்கினேன்.
என் தலை போகப்போகும் இடம்.
நம்பிக்கை அப்புறம், உலுக்கல் முதலில்.

பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்,
டிஸ்க்கை உருவினேன்,
பின்னால் பார்த்தால் பதினாறு குளிர்காலத்து உப்பு.
மாநகராட்சி சாலையில் தூவியதெல்லாம்
இங்கே வந்துதான் குடியிருக்கிறது.
நான்கு போல்ட்டில் மூன்று முனகிக்கொண்டே வந்தன.
நான்காவதற்கு இரவெல்லாம் எண்ணெய் ஊட்டினேன்.
ஞாயிறு காலை ஸ்பேனரில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி
அதன் நுனியில் முழு உடம்போடு தொங்கினேன்.
வெடிச்சத்தத்தோடு விட்டது.
எங்கோ ஒரு நாய் பதில் சொன்னது.

போல்ட் போயும் ஹப் அசையவில்லை.
துரு இரண்டு இரும்பையும் ஒன்றாக்கி
எது எதனுடையது என்றே தெரியவில்லை.
சுத்தியல். கொஞ்சம் திருப்பு. சுத்தியல்.
ராக்னார் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று
ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார்,
போனார்,
இதைவிடப் பெரிய சுத்தியலோடு வந்தார்,
வேலிக்கட்டையில் சாய்த்துவைத்தார்,
போனார்.

நாற்பத்தோராவது அடி. எண்ணினேன், வேறென்ன செய்ய.
கழன்று காலடியில் விழுந்தது.
எடுத்துக் கையில் வைத்துச் சுற்றினேன்.
உள்ளே மணல் அரைபட்டது.
அதே ஒலி, பொம்மை அளவில்.

புதியது சத்தமே இல்லாமல் சுற்றியது,
இது சுற்றுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு.

மாலை நெடுஞ்சாலை. எழுபது. எண்பது. நூறு.
ஒன்றுமில்லை.
வானொலியை இவ்வளவு நாள்
எத்தனை சத்தமாக வைத்திருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.
குறைத்தேன்.
கண்ணாடியில் ஹில்லாவின் இரண்டு கண்களும் திறந்திருந்தன.

ஏழு மாதம். தொட்டிலில் தூங்கமாட்டாள், தோளில் தூங்கமாட்டாள்.
நள்ளிரவில் சட்டைமேல் கோட்டு மாட்டி
லோஹ்தயா வரை போய்த் திரும்புவோம்,
எழுபதுக்குக் குறையாமல்.
எஞ்சின்தான் தாலாட்டுகிறது என்று நினைத்திருந்தோம்.

பாலம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.
வீட்டு வாசல் வரை நிறுத்தவில்லை.

மூன்று மணிக்கு எழுந்தபோது சமையலறையில் விளக்கு.
துவோமோ பழைய இரும்பு வாளியிலிருந்து அதை எடுத்து
மண்ணெண்ணெயில் துடைத்து
நல்ல மேசைத் துண்டின்மேல் வைத்து
ஒற்றை விரலால் சுற்றிக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் கூடை. கூடையில் அரைக்கண்.

எழுபதா, என்றேன் மெதுவாக.

அறுபது இருக்கும், என்றான்,
விரல் போய்விட்டது,
நீ வா.