எட்டு எழுத்து

ஆறு மாதத்துக் கணக்கை அச்செடுத்துக்
கொண்டுபோனோம்.
எனக்கு ஒன்பது தாள், அவருக்குப் பதினான்கு.
ராமநாதபுரம், கேணிக்கரை, மாடியில்
வீட்டுக்கடன் அலுவலகம்.
ஏசிக் குளிரில்
என் விரல்களின் நண்டு வாடை
எனக்கே தூக்கலாக இருந்தது.
கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அதிகாரி சின்னப் பையன், நாமக்கல் பக்கமாம்.
சேற்றில் நாரை நடப்பதுபோல
மஞ்சள் பேனாவோடு வரிவரியாய் நடந்தான்,
நின்றான், கொத்தினான்.

'ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரைக்கும்
வரவே இல்லையே சார்?'
'தடைக்காலம் தம்பி.
மீன் முட்டை விடுற நேரம். விசைப்படகு போகக்கூடாது.'
'அறுபத்தொரு நாளுமா?'
'அறுபத்தொரு நாளும்.'
ஓரத்தில் எழுதினான்:
வருமானம் சீரற்றது.
கடலைப் பற்றி இத்தனை சுருக்கமாக
யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

டீசல் பங்கு. மகளின் வேன் காசு. ரீசார்ஜ்.
நடுராத்திரியில் ஏதோ விளையாட்டுக்கு நாற்பத்தொன்பது.
'இதையெல்லாம் மேலே பார்ப்பாங்க சார்.'
மேலே என்றால் சென்னை.
இவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு என் தாள்.
'அக்கா, வெள்ளிக்கிழமை தவறாம எழுபது ரூபாய்.
ஐஸ்கிரீம் கடைன்னு போட்டிருக்கு?'

ஃபலூடா.
மண்டபத்தில் நண்டுக் கம்பெனி விட்டதும்
பஸ் வருவதற்குள்
நான் மட்டும் நின்றபடி சாப்பிடுகிற ஃபலூடா.
ஓடு கீறிய விரலுக்கு
அந்தக் குளிர்ந்த கிளாஸைப் பிடித்துக்கொண்டிருப்பதே போதும்.
இருபத்தாறு வெள்ளி.
சொன்னேன்.
இவர் திரும்பி என்னைப் பார்த்தார்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல.

'சரி விடுங்க. இது யாரு சார்?
ஆறாம் தேதியானா ஆயிரத்து ஐநூறு.
மே மாசமும் போயிருக்கு.'

மே மாதம்
என் கம்மலை அடகு வைத்த மாதம்.

தாளைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினான்.
வங்கி எந்தப் பெயரையும்
இங்கிலீஷ் எட்டெழுத்தோடு நறுக்கிவிடுகிறது.
சேசுமரி.
அதற்கு மேல் இல்லை.
யானா, யாளா?
எங்கள் பங்கில் சேசுமரியான் நான்கு பேர்.
சேசுமரியாள் எத்தனை என்று
எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

இவருடைய குரல்வளை ஏறி இறங்கியது.
ஒன்றும் வெளியே வரவில்லை.

'என் பெரியம்மா மகன், சேசுமரியான்.
பழைய வலைக்கடன்'
என்றது என் வாய்.

'கடனா? அப்ப கழிக்கணுமே அக்கா.'
கால்குலேட்டரைத் தட்டினான்.
மாதம் ஆயிரத்து ஐநூறு என்றால்
கடனில் ஒன்றரை லட்சம் குறையுமாம்.
கொத்தனார் பிச்சைக்கனி போட்ட கணக்கில்
ஒன்றரை லட்சம்
அடுப்பங்கரை.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது
இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று.
இவர் தொண்டையைச் செருமினார்.
'அந்த...'
'கண்டக்டர்ட்ட மீதி வாங்கினீங்களா?' என்றேன்.
பையில் துழாவி எண்ணிப் பார்த்தார்.
இரண்டு ரூபாய் குறைந்தது.
எழுந்து போய்க் கேட்டு வாங்கிவந்தார்.

வீடு எழும்பிவிட்டது.
தங்கச்சிமடத்தில், சர்ச்சுக்குப் பின்னால், இரண்டு அறை, தளம் போட்டது.
சமையல் கொல்லையில், தகரத்துக்கு அடியில்.
சோழகம் அடிக்கிற மாதங்களில் அடுப்பு நிற்பதில்லை.
முதுகை மறைப்பாகக் கொடுத்துக்
குனிந்து சோறு வடிக்கிறேன்.
அப்போது அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும்,
நறுக்கின இடம் வரைக்கும்.

தவணை ஐந்தாம் தேதி போகிறது.
மாதாமாதம் செய்தி வருகிறது,
இப்போது எனக்குப் படிக்கப் பழகிவிட்டது.
ஆறாம் தேதி எந்தப் பெயரும் இல்லை.
தங்கச்சிமடம் ஏடிஎம், ஆயிரத்து ஐநூறு.
அவ்வளவுதான் இருக்கிறது.

நானும் வெள்ளிக்கிழமை
நோட்டாகத்தான் நீட்டுகிறேன்.
போன வாரம் கடைக்காரர் கேட்டார்,
'ஏக்கா, போன்ல காசு தீர்ந்துபோச்சா?'