பதினாறு ஆம்பியர்

தேயிலைக் கட்டி சுற்றி வந்த தாளில்
பென்சிலால் போடுகிறேன்:
ஹீட்டர் இருபத்திரண்டு ஓம்,
இருநூற்றிருபது வோல்ட்டுக்குப் பத்து ஆம்பியர்.
மின்னடுப்பு நாற்பத்துநான்கு. அது ஐந்து இழுக்கும்.
ஃபியூஸ் பதினாறு.

வேலிக்கு அந்தப் பக்கம் புரெவ்தோர்ஜ்,
மைனஸ் முப்பத்தொன்றில்
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான்.
கோடையில் இதே வேலியை
ஒரு முழம் என் பக்கம் நகர்த்தியவன்.
பில் கட்டவில்லை, இணைப்பை வெட்டிவிட்டார்கள்.
"தெல்கெர்மா, ஒரு கம்பி மட்டும்.
சின்ன ஹீட்டர்தான். நூற்றுப்பத்து ஓம்."
அளந்துகொண்டே வந்திருக்கிறான்.

வழி கூடினால் தடை குறையும்.
பள்ளியில் நான் இதை நம்பியதில்லை.
உலான்பாத்தர் ட்ராலிபஸ் பணிமனையில்
பதினோரு குளிர்காலம் கம்பி பிடித்த பிறகு
விரல்கள் நம்பின.
இருபத்திரண்டு, நாற்பத்துநான்கு, நூற்றுப்பத்து
மூன்றும் அருகருகே நின்றால்
பதின்மூன்றுகூட இல்லை,
இருப்பதிலேயே சின்னதைவிடச் சின்னது.
அவனைச் சேர்த்தால் பதினேழு ஆம்பியர்.

தாளை மடித்தேன். மறுபடி பிரித்தேன்.

"ராத்திரி பத்துக்கு மேல்
நான் அடுப்பு போடமாட்டேன்," என்றேன்.
"நீ வேறு எதையும் செருகக் கூடாது."
பத்தும் இரண்டும் பன்னிரண்டு. தாங்கும்.

முப்பது மீட்டர் மெல்லிய கம்பி
பனிமேல் கிடந்து அவன் கூடாரத்துக்குள் போனது.
வழியில் அது ஆறு வோல்ட் தின்னும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
மற்றபடி வோல்ட்டுக்கு ஓரவஞ்சனை கிடையாது,
வேலி யார் நகர்த்தியது என்று அது கேட்பதில்லை.

இரண்டு மணிக்கு விழிப்பு.
குளிரில் வாய் பால்தேநீர் கேட்டது.
ஐந்துதானே, பதினேழுதானே,
பழைய ஃபியூஸ் கொஞ்சம் பொறுக்கும் என்று
அடுப்பைப் போட்டேன்.
சில நிமிடம். பிறகு இருட்டு.

டார்ச்சோடு வெளியே வந்தால்
வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு டார்ச்.
குனிந்து கம்பியைத் தொட்டேன்.
இந்தக் குளிரிலும் லேசான சூடு.
"கேத்தல்," என்றான், தரையைப் பார்த்து.
கம்பி தின்றது போக ஒன்பது.
ஆக இருபத்தாறு.
என் அடுப்பின் ஐந்தும் அதில் இருப்பதை
நானும் தரையைப் பார்த்தே சொன்னேன்.

கோட்டுப் பையில் துழாவி
வெள்ளைப் பீங்கான் ஒன்றை எடுத்து நீட்டினான்.
அவன் பெட்டியில் வேலையின்றிக் கிடந்த ஃபியூஸ்.
பதினாறு.

திருகினேன். இரண்டு கூடாரத்திலும் வெளிச்சம்.
என் பானையில் பாதி கொதித்த பால்
இரண்டு கிண்ணத்துக்குப் போதுமாயிருந்தது.

வேலியைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.
நானும்தான். கோடை வரட்டும்.