திருத்தக் குறிப்பு

மொராவியாவின் பனிக்கால இரவுகளில்
புர்னோ டிராம் பணிமனையில் எனக்கு வேலை.
விடியற்காலை ஐந்துக்கு வீடு வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கன்ட்ரோலரை எடுப்பேன்.
ஆகவே இதையெல்லாம்
கால் ஈரமானவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளில் உலகம் அழியுமாம்.
தாண்டிப்போக விடாத ஏழு நிமிடக் காட்சியில்
தளபதி மேசையில் குத்திச் சொன்னார்.
கண்ணீர்த் துளிகளைத் தனித்தனியாக வரைந்திருந்தார்கள்.
நான் போய் நாற்பது நாள் மீன் பிடித்தேன்.
திரும்பியபோதும் அதே மூன்று நாள் பாக்கி,
முஷ்டி அதே மேசையில்.
அவசரத்தை வாயால் சொன்னால் போதுமென்று
யாரோ நம்பியிருக்கிறார்கள்.
பிரேக் போன வண்டியை
பணிமனையில் அப்படி நம்ப மாட்டோம்.

எனக்கு மூன்று பதில்கள் தந்தார்கள்:
சரி.
நிச்சயமாக.
வேறு வழியில்லையே.
ஒரே கதவுக்கு மூன்று கைப்பிடி.

ஏற வேண்டிய பாறைக்கெல்லாம் மஞ்சள் பூச்சு.
வழி தவறிவிடுவேனோ என்று அவ்வளவு கவலை.
தவறத்தானே வந்தேன்,
இரவு முழுக்கத் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு.

வெண்டுலா பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறாள்.
பத்துக்கு எட்டரை போட்டாள்.
அந்த அரை எதற்கு என்றேன்.
அச்சுக்குப் போக இரண்டு நாள்,
ஆட்டமோ அறுபது மணி நேரம்.
பார்த்ததற்கு எட்டு, பார்க்காததற்கு அரை என்றாள்.
சிரித்தோம்.
அவள் சிரிப்பு முதலில் நின்றது.
எண்ணுக்குக் கீழே ஒரு பத்தி எழுதியிருந்தாள்,
கடல் இடது காதில் மட்டும் கேட்கும் இடத்தைப் பற்றி.
அதை என்னைத் தவிர
யாராவது படித்தார்களா தெரியவில்லை.
எட்டரை குறைவென்று திட்டியவர்கள் நிச்சயம் படிக்கவில்லை.

இருந்தாலும் அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.
ஒரு சமையலறைக்காக.

கலங்கரை விளக்கக் காவலனின் வீடு.
கதைக்கு அது தேவையே இல்லை,
வரைபடத்தில் குறியும் இல்லை,
பனியில் வழி தவறினால்தான் கிடைக்கும்.
மேசை. இரண்டு நாற்காலி.
ஒரே ஒரு தட்டு.
காவலன் வாசலில் நின்று
'இன்று காற்று அதிகம்' என்பான்.
நூறு முறை கேட்டாலும் அதுதான்.
அவள் இறந்தாளா, படகேறிப் போனாளா,
எவரும் வந்து மேசையில் குத்திச் சொல்லவில்லை.
அன்று காலை கன்ட்ரோலர் தானாக அணைந்தது.
அவ்வளவு நேரம் ஒரு பொத்தானையும் தொடாமல்
இருந்திருக்கிறேன்.

பார்த்தாயா, இதுதான் கதை சொல்வது என்று
வெண்டுலாவிடம் வாரக்கணக்கில் சொன்னேன்.
பொறுக்க மாட்டாமல் ஒரு வியாழக்கிழமை
அந்த வீட்டைச் செய்தவனையே
பீர்க் கடைக்கு அழைத்து வந்துவிட்டாள்.
ஹினெக். ஸ்வெட்டர் முழுக்க நாய் முடி.
நான் தட்டைப் பற்றிப் பேசப் பேச
அவன் காது சிவந்தது.

'இரண்டு தட்டு வைத்தேன்' என்றான்.
'ஒன்று மேசைக்குள் புதைந்துவிட்டது,
உயரத்தில் ஒரு சின்னப் பிழை.
மன்னித்துவிடுங்கள்.'

மனைவி?
'மனைவியே கிடையாது.
இரண்டாவது தட்டு பூனைக்கு.'
நாற்காலி?
'அது ஜோடியாகத்தான் வரும்.'

வெண்டுலா பீர் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பூனை எங்கே என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
'பூனைக்கு நடை வரைந்தவளை
நவம்பரில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.
பூனை பாதியில் நின்றுபோயிற்று.
தட்டை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.'

அடுத்த திருத்தத்தில் சரியாகிவிடும் என்று
விடைபெறும்போது மறுபடி சொன்னான்,
கடன் திருப்பித் தருகிறவன் மாதிரி.

இப்போது தினமும் விடியற்காலையில்
திரையின் மூலையில் ஒரு கட்டம் கேட்கிறது:
புதிய பதிப்பு தயார்.
மேசைப் பொருள்கள் சில சரிசெய்யப்பட்டன.
இப்போதா, பிறகா?

பிறகு.

பூட்ஸிலிருந்து பனி உருகித்
தரையில் ஓடுகிறது.
காவலனிடம் போய் நிற்கிறேன்.
காற்று அதிகமாம்.