எட்டாம் நிபந்தனை

நொத்தாரிசு பெனடிக்ட்
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே மூச்சில் வாசித்தார்:
வடக்கே ஒழுங்கை, கிழக்கே பூபாலபிள்ளையின் வளவு,
தெற்கே வாய்க்கால், மேற்கே மதில்,
இதற்குள் அடங்கிய பன்னிரண்டரைப் பேர்ச்சும்
அதிலுள்ள கல்வீடு, கிணறு, தென்னை மூன்று,
சகல பலாபலன்களும்.
எட்டாவதில் கொஞ்சம் இருமினார்.
கொள்வனவாளரோ, அவரது உரித்தாளிகளோ,
அவர்களிடமிருந்து பின்னர் வாங்குவோரோ
மேற்படி ஆதனத்துள்
நாயெனப்படும் எதையும்
எக்காலத்தும் வளர்த்தலாகாது.

நாயெனப்படும்.
கச்சானை நான் ஒருநாளும்
நாயென்று கூப்பிட்டதில்லை.

அக்காவுக்குச் சீதனமாய்ப் போனது அம்மாவின் வீடு.
எனக்கு வங்கி தந்தது, பதினெட்டு வருசத் தவணையில்.
நாவற்குடாவில் இந்த விலைக்கு
இனியொரு வளவு கிடையாது என்றார் தரகர்.
பேனை நல்லாத்தான் எழுதியது.
மூன்று இடத்தில் ஒப்பமிட்டேன்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்
ஆரையம்பதியில் அக்காவிடம் விட்டேன்.
முன்னால் வைத்த சூடைமீன் தலையைப் பாராமல்
என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் விடிய படலையைத் திறந்தால்
ஒழுங்கையில் கிடக்கிறது.
கல்முனை வீதியின் பஸ்ஸையெல்லாம் எப்படித் தாண்டியதோ,
ஒரு காது கிழிந்து, ஈ மொய்த்து.
கூப்பிட்டேன், உள்ளே வரவில்லை.
உறுதியை வாசித்ததுபோல
எல்லைக் கல்லுக்கு ஒரு முழம் வெளியே.

ஒழுங்கை மாநகரசபையுடையது.
படலைக்குக் கீழால் சோற்றுக் கோப்பையைத் தள்ளுவேன்.
மதிலுக்கு மேலால் பூபாலபிள்ளையரின் தலை
தெரியும், மறையும்.
பெனடிக்டுக்குக் கோல் எடுத்தேன்.
வாலோ நிழலோ உள்ளே வந்தால்?
"வால் சிக்கல்.
நிழல் எழுதல்ல பிள்ளை."

இடியப்பத் தட்டுத் திருப்பித்தர வந்த
அவர் மனைவி அன்னரெத்தினம்
கிணற்றடியில் நின்று சொன்னா, நான் கேட்காமலே:
"தொண்ணூறில, ராவில,
முதல்ல ஒழுங்கை முனையில ஒரு நாய் குலைக்கும்.
மறுகா ரெண்டு வீடு தள்ளி.
மறுகா பக்கத்து வளவில.
நாங்க எண்ணிக்கொண்டு கிடப்பம்,
எந்தப் படலையில நிக்குதெண்டு.
மூத்தவனைக் கொண்டுபோன ராவு
எங்கட நாய்தான் கடைசியாக் குலைச்சது.
விடிய அவர் அதை அவிட்டு விட்டுட்டார்.
அதுக்கு என்ன தெரியும், பாவம்."
தட்டை வைத்துவிட்டுப் போயிற்றா.

பிறகு கச்சானின் வாயை
நானும் காவல் காத்தேன்.
குலைக்காதே என்று சோற்றோடு சொல்வேன்.
கச்சான் காற்றுக் காலம் முழுக்க
ஒரு சத்தமில்லை.

நேற்று இரவு ஒன்றரைக்குக் குலைத்தது.
பக்கத்தில் லைட் எரிந்தது.
மதிலுக்கு அப்பாலிருந்து, மூச்சுக்குள்ளால்:
"ஆர்?"
"மாடு ஐயா. கட்டாக்காலி."
"எத்தினை?"
"ஒண்டுதான்."
"கண்டியா?"
"கண்டேன்."
"எந்தப் பக்கம் போகுது?"
"வாய்க்கால் பக்கம்."

கதவு திறந்தது. சாரனோடு, டோர்ச்சோடு,
முப்பத்துச் சொச்சம் வருசத்துக்குப் பிறகு
நாய் குலைத்த இரவொன்றில்
ஒழுங்கைக்கு இறங்கினார்.
வெளிச்சம் நடுங்கி நடுங்கி
சாணியைக் கண்டது, குளம்படியைக் கண்டது,
அங்கேயே நெடுநேரம் நின்றது.
பிறகு கச்சான்மேல் வந்தது.

அது குலைப்பை நிறுத்தி அவரைப் பார்த்தது.
அவர் போகவில்லை.
முதுகுக்குப் பின்னால் அதன் நிழல் நீண்டு
படலைக்குக் கீழால் புகுந்து
என் வளவில் கிடந்தது,
என் கால்விரல் வரைக்கும்.