முப்பத்திரண்டாம் நம்பர்

பதிவுப் புத்தகத்தில் சன்னி.
என் வாயில் வருவது சனி.
இடப்பக்கம் ஒடித்தால்
முன் சில்லுக்குள் யாரோ பாக்கு வெட்டுகிற சத்தம்.
பள்ளிக்கூடத்துக்கு நான் ஏற்றிப்போகும் பிள்ளைகள் ஐந்து பேரும்
ஒவ்வொரு முடக்கிலும் சேர்ந்து எண்ணுவார்கள்:
டக், டக், டக்.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தை,
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால்.
இவர் நிலத்தில், சாரத்தை மடித்துக் கட்டி,
சில்லின் நடுவே முப்பத்திரண்டாம் நம்பர் சொக்கெட்டைப் பொருத்தி.
அச்சு நட்டைக் கழற்றுவதென்றால்
ஒருவர் முறுக்க வேணும், ஒருவர் பிரேக்கில் நிற்க வேணும்.
வேறு ஆள் இல்லை.
புதன்கிழமை சீட்டுக் காசைத் தம்பிக்குக் கொடுத்தது தெரிந்ததிலிருந்து
எங்களுக்குள் இரண்டே சொல்தான் மிச்சம்:
மிதி. விடு.

மிதித்தேன்.
பக்கக் கண்ணாடியில் முதுகு மட்டும் தெரிந்தது.
விடு.
விட்டேன்.
டாஷ்போர்ட்டில் ஒட்டிய பிள்ளையாரும் நானும்
கடலைப் பார்த்தபடி இருந்தோம்.

பதினொரு வருஷம் உப்புக் காற்றுத் தின்ற கறள்.
மண்ணெண்ணெய் ஊற்றினார்.
தேங்காயெண்ணெய் ஊற்றினார்,
குசினியிலிருந்து, என்னைக் கேட்காமல்.
சாவிப்பிடியில் ஏறி நின்று குதித்தார், இரண்டு தரம்.
வோச்சர் பியதிலக கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
'ஹிர வெலா' என்றார்,
எங்களுக்குத் தெரியாததுபோல.

தண்ணீர்ச் சபைக்காரர் ஒழுங்கையைத் தோண்டி மூடியபோது
மறந்து விட்டுப்போன ஆறடிக் குழாய்
இவ்வளவு நாளும் பெடியளுக்குக் கோல் கம்பம்.
அதைக் கேட்டு வாங்கிப் பிடியில் செருகினார்.
பெடியள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.
மிதி.
குழாய் வளைந்தது. கார் முனகியது.
என் வலது கால் தொடைவரை நடுங்கியது.
விடு.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
வியாழக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போய்
பேரம் பேசி அச்சை வாங்கியது நான்.
ரிஸ்மி நானா அதைப் பழைய பேப்பரில் சுற்றும்போதே சொன்னவர்:
'நட்டுக்கு ஒரு உதடு இருக்கு தங்கச்சி.
பள்ளத்துக்குள்ள மடிச்சு விட்டிருப்பாங்க.
முதல்ல அத உளியால நிமித்தச் சொல்லுங்க.
இல்லாட்டி யானை வந்து இழுத்தாலும் கழண்டு வராது.'
தலையாட்டினேன்.
வீட்டுக்கு வந்து சாமானை மேசையில் வைத்தேன்.
மிச்சக் காசை வைத்தேன்.
அந்தச் சொல்லை வைக்கவில்லை.

ஒன்றரை மணித்தியாலம்.
பாணந்துறைப் பக்கம் இரண்டு ரயில் போனது.
குழாய் நழுவி விரல் மொளி கிழிந்து
சில்லில் இரத்தம் ஒரு சொட்டு.
இவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.
குழாயை எடுத்து மறுபடி செருகினார்.
எனக்குப் பாவமென்று வரவில்லை, கோபம்தான் வந்தது:
கேட்டிருக்கலாமே, ஒருக்கால்.
பிறகு நினைத்தேன்,
என்னவென்று கேட்பார்?

இறங்கினேன்.
உளியை எடுத்துக் குந்தியிருந்து
கறளுக்குள் நகம் வைத்துத் தேடி
'இதுதான் உதடு. ரிஸ்மி நானா சொன்னவர்' என்றேன்.
நாலு நாளில் நான் வாய் திறந்தது அதற்குத்தான்.
மூன்று தட்டில் நிமிர்ந்தது.

பிறகு குழாய்க்கும் பெரிய வேலை இருக்கவில்லை.
டொக் என்று ஒரே சத்தம்.
மூன்றாம் மாடிச் சன்னலில் ஒரு தலை.
இவர் பின்பக்கமாய் மண்ணில் இருந்தார்.
பெடியள் கைதட்டினார்கள்.

'எப்ப சொன்னவர்?'
'வியாழன்.'
விரலைச் சப்பியபடி
கணக்குப் பார்த்தார் போல. ஒன்றும் சொல்லவில்லை.
பியதிலக கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பொழுதுபட்டது. மாற்றிய அச்சு, புது நட்டு,
இன்னும் மடிக்காத உதடு.
இறுக்கவும் பிரேக் வேணும்.
ஏறியிருந்தேன்.
குழாயைச் செருகிவிட்டு
சில்லைப் பார்த்தபடியே இவர் சொன்னார்:
'மிதியன்.'