ஊர்மேல் போட்ட பழி

முதலில் முட்டை என்றுதான் நினைத்தேன்.
டிக்கியில் உருண்டு உடைந்து
ஸ்டெப்னிக்கு அடியில் மறந்துபோன முட்டை.
பாயை உரித்தேன், பின்சீட்டைக் கழற்றினேன்.
இரண்டு பேனா, ஒரு குழந்தையின் காலுறை,
யாரோ தவறவிட்ட ஐந்து தெத்ரி.
முட்டை இல்லை.

க்ல்தானியில் ஏறியவர்
பனியிலும் கண்ணாடியை இறக்கினார்.
திதுபேயில் ஏறிய பெண்
ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
மறுகையால், தேவாலயம் வரும்போதெல்லாம்,
சிலுவை போட்டுக்கொண்டாள்.
அன்றைக்கென்று வழியெல்லாம் தேவாலயங்கள்.

நாலு புள்ளி ஒன்பது நட்சத்திரம்
நாலு புள்ளி மூன்றானது.

டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு.
அதற்கு மேல் மூன்று புனிதர்களை ஒட்டியிருக்கிறேன்.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.
நானும்தான்.

பிறகு ஒரு மாலை, அபனோத்துபானி.
கந்தக ஊற்றில் குளிக்க
எங்கெங்கிருந்தோ வருகிறார்கள் அங்கே.
செங்கல் குமிழ்க் கூரைகளுக்குக் கீழே வெந்நீர்,
பூமியே அவித்த முட்டை.
வார்சாவிலிருந்து வந்த ஜோடி
என் பிரியஸில் ஏறி, ஆழமாய் மூச்சிழுத்து,
"அட, வண்டிக்குள்ளேயே வருகிறதே!" என்றது.
நான் மறுக்கவில்லை.
"இந்த ஊரே கந்தகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது" என்றேன்.
ஐந்து நட்சத்திரம். மேலே இரண்டு லரி.

அதன்பின் ஆறு வாரம்
குளியல் தெருவைவிட்டு நான் நகரவில்லை.
பாவம் ஓரிடம், பழி ஓரிடம்:
என் வண்டியின் பாவத்தை
ஆயிரத்தைந்நூறு வயசு ஊர்
ஒரு வார்த்தை பேசாமல் சுமந்தது.
மேட்டில் மட்டும் மாட்டிக்கொள்வேன்.
மூக்கடைப்போடு மாடிப்படி ஏறுகிறவளைப்போல
திணறும் வண்டி.
ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

ஒரு பின்னிரவில் குலிகோ ஏறினாள்.
இருபத்திரண்டு வருஷமாய்
வெந்நீர் அறையில் அடுத்தவர் முதுகு தேய்ப்பவள்.
விரல்நுனிகள் இன்னும் சுருங்கியே இருந்தன.
இரண்டாவது வளைவுகூடத் தாண்டவில்லை,
"சியூரி, இது எங்கள் கந்தகம் இல்லை.
எங்களுடையதில் தண்ணீர் இருக்கும்.
இதில் என்னமோ கருகுகிறது."
அவளிடம் காசு வாங்க வெட்கமாக இருந்தது.
வாங்கினேன்.

எலியாவா சந்தையில் வாஜா
வண்டிக்கடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் தட்டினான்.
உண்டியலைக் குலுக்கிய சத்தம்.
"கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு.
உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி நொறுங்கி
பாதி வழியை அடைத்திருக்கிறது."
கையைத் துடைத்தபடியே வழி சொன்னான்:
அறுத்தெடுத்து வெறும் குழாயை வைக்கலாம்,
சென்சாரை ஏமாற்ற ஒரு சின்னத் துண்டு,
போதாததற்கு நானூறு லரி உன் கையில்.
செத்தாலும் உள்ளே பல்லேடியம் இருக்கிறதாம்.
வாடகை பாக்கியும் சரியாய் நானூறு.
அவனுக்கு யார் சொன்னார்களோ.

"நாற்றம் போய்விடுமா?"
"முட்டை போகும். புகை வரும்.
உனக்கென்ன, பின்னால் வருகிறவனுக்குத்தானே."

"புதிது போட்டால்?"

டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினான்.
நுனியில் மட்டும் ஒரு கறுப்பு ஈரம்.
"எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது.
கீழே கிடப்பது பிணம். கொலைகாரன் மேலே இருக்கிறான்.
புதியதையும் ஆறு மாதத்தில் தின்றுவிடுவான்."

பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.
எதிர்க்கடையில் யாரோ
கண்ணாடியில்லாத ஒரு கதவுக்குப் பேரம் பேசினார்கள்.
அந்தப் பேரம் படிகிறவரை யோசித்தேன்.
பிறகு சொன்னேன்: முதலில் எஞ்சினைப் பிரி, ரிங் மாற்று,
அப்புறம் நல்லதாய் ஒன்று மாட்டு,
பழையதன் நானூறைக் கழித்துக்கொள்,
மிச்சத்தை என் பேரில் எழுது.
வாஜா என்னைப் பார்த்தான்,
கிறுக்கிகளிடம் முன்பணம் கேட்பதா வேண்டாமா என்று.
கேட்டான்.

மூன்று வாரமாய்ப் பஸ், நடை.
வீட்டுக்காரரைக் கண்டால் அடுத்த சந்து.

நேற்றுக் குளியல் தெரு வழியே வந்தேன்.
மழை விட்டிருந்தது.
ஆவி தெருவரை இறங்கி நின்றது.
அந்த வாசனை வந்தது,
இந்த முறை அதன் சொந்தப் பேரில்,
தண்ணீரோடு.

என் இடது கை
இல்லாத ஜன்னலின் பொத்தானைத் தேடியது.